கடைக்குக் கூசாத கால், கூட்டத்துக்குக் கூசியது!

பெயர் கேட்காத அறையில் ஒரு கணக்கு எழுத்தரின் 211 நாள்

மாலை மணி 6½.

ரெயில் நிலையத்தை ஒட்டிய தெரு. ஒரு பழைய பள்ளிக்கூடம். அதற்கு எதிரே ஒரு டீக்கடை.

டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. கையில் டீ. அது அவருக்கு மூன்றாவது டீ.

பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு ஒருவர். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு வாலிபர். சட்டையை ‘இன்’ பண்ணிய ஒரு பெரியவர். கையில் பெயிண்டு கறையோடு ஒருவர்.

டீக்கடைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே 20 அடி தூரம்தான். அதைக் கடக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது!

“டாஸ்மாக் கடைக்கு எத்தனையோ வருஷம் போயிருக்கேன். பட்டப்பகல்ல, தெரிஞ்சவங்க கண்ணு முன்னாடி போனேன். ஒரு நாளும் கால் கூசல. இங்க வர மட்டும் கூசிச்சு” என்கிறார் அவர்.

அவர் போன இடம் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டம். சுருக்கமாக ‘ஏ.ஏ.’ என்பார்கள். குடியை நிறுத்தியவர்களும், நிறுத்த நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடம். அங்கே யாரும் யாருடைய முழுப் பெயரையும் கேட்பதில்லை. அதனால் இந்தச் செய்தியிலும் அவர் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தின் பெயரும் இல்லை.

கணக்கு உதைத்தது

அவருக்கு வயது 44. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மொத்தப் பேப்பர் கடையில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 24 ஆயிரம் ரூபாய். வீடு பல்லாவரத்துக்கு அப்பால். மனைவி, ஒரே மகள். மகள் பிளஸ்-2 படிக்கிறாள். தினமும் கடற்கரை நிலையத்தில் மின்சார ரெயில் ஏறி வீட்டுக்குப் போகிறவர்.

முதலில் சனிக்கிழமை மட்டும் குடித்தார். நண்பரோடு பங்கு போட்டு ஒரு ‘கட்டிங்’. பிறகு தனியாக ஒரு குவார்ட்டர். கடைசியில் தினமும் இரண்டு குவார்ட்டர். மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போனது.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கும். 11 மணிக்கே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். பேனா பிடிக்க முடியாது. கம்ப்யூட்டரில் எண் தட்டினால் 3 இருக்க வேண்டிய இடத்தில் 6 விழும். “பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன் முதலாளி” என்று கிளம்புவார். திரும்பி வரும்போது கை நடுக்கம் நின்றிருக்கும். வாயில் பாக்கு இருக்கும்.

ஒரு மாதக் கடைசியில் கணக்கு உதைத்தது. 11 ஆயிரத்து 400 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கவில்லை என்று அடித்துச் சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை. அன்று என்ன செய்தோம் என்பதே ஞாபகம் இல்லை!

முதலாளி சத்தம் போடவில்லை. “மூணு மாசம் பாக்குறேன். அப்புறம் வேற ஆளு பாத்துக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

அதற்கும் அவர் கலங்கவில்லை. கலங்கியது வேறு ஒன்றுக்கு.

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். மனைவி மட்டும் போயிருந்தார். வகுப்பு ஆசிரியை, “அப்பா எப்ப ஊருக்கு வர்றாரு?” என்று விசாரித்தார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடமாகப் பள்ளியில் மகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள், “எங்க அப்பா துபாய்ல இருக்காரு” என்று.

தானாக நிறுத்தினார், ஆபத்தில் முடிந்தது

அன்று இரவே அவர் சபதம் செய்தார். “இனிமே தொட மாட்டேன்.” சாமி படத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் முழுவதும் குடிக்கவில்லை. உடம்பு வேர்த்துக் கொட்டியது. தூக்கம் இல்லை. கை மட்டும் அல்ல, நாக்கே நடுங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்ட ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் இல்லை. விடிகாலையில் வலிப்பு வந்தது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆறு நாள் வைத்திருந்தார்கள்.

இது பலருக்கும் தெரியாத விஷயம். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை மதுவுக்குப் பழகிப்போய்விடுகிறது. மது மூளையை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கலை எதிர்த்து மூளை கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் அடக்க ஆள் இல்லை. வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

அதனால்தான் முதல் நாள் நடுக்கமும் வேர்வையும் வருகின்றன. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நடுக்கத்தை அடக்க மருந்து கொடுக்கிறார்கள். ‘பி-1’ வைட்டமின் ஊசி போடுகிறார்கள். சில நாளில் உடம்பு நிலைக்கு வந்துவிடுகிறது. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டில் உட்கார்ந்து வீம்புக்கு நிறுத்தக் கூடாது. டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நர்ஸ் கொடுத்த சீட்டு

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் நர்ஸ் அவரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, உடம்புக்கு மருந்து கொடுத்தாச்சு. ஆனா நீங்க வீட்டுக்குப் போற வழியில கடை இருக்கு. அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்ல. அதுக்கு வேற இடம் இருக்கு” என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் ‘ஏ.ஏ.’ என்று எழுதி ஒரு போன் நம்பர் இருந்தது.

சீட்டு இரண்டு வாரம் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதற்குள் அவர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் கடை மாடிப்படியில் நின்று அந்த நம்பரைப் போட்டார். மணி அடித்ததும் கட் பண்ணினார். இன்னொரு முறை போட்டார். ‘ஹலோ’ என்ற குரல் கேட்டதும் கட் பண்ணினார். மூன்றாவது முறையும் அதேதான்.

நாலாவது முறை எதிர்க் குரல் முந்திக்கொண்டது.

“சார், வச்சுடாதீங்க. நீங்க பேச வேணாம், நான் பேசுறேன். நானும் குடிச்சவன்தான்.”

இவர் பேசவில்லை. ஆனால் கட் பண்ணவும் இல்லை.

பூட்டிக் கிடந்த கதவு

டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். போர்டு தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் இடத்தில் பெரிய போர்டு இருக்காது. சர்ச் வளாகத்தில் ஒரு அறை, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு, ஆஸ்பத்திரியில் ஒரு ஹால் என்று கிடைத்த இடத்தில் நடக்கும். நாளும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும்.

இது அவருக்கு முதல் தடவையே பாடமானது. போனில் பேசியவர், “ஸ்டேஷன் வாசல்ல நானே வந்து நிக்கிறேன்” என்றார். “வேணாம் சார், நானே வந்துடுறேன்” என்று இவர் தட்டிக் கழித்தார். செல்போனில் தேடி ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இடம். புதன்கிழமை மாலை 7 மணி.

புதன்கிழமை போனார். கதவில் பூட்டுத் தொங்கியது! கூட்டம் வியாழக்கிழமைக்கு மாறிப் பல மாதம் ஆகியிருந்தது. பட்டியல் பழசு.

“பூட்டைப் பாத்ததும் எனக்கு சந்தோஷம்தான் சார். ‘நான் வந்தேன், அவங்கதான் இல்ல’ன்னு சாக்கு கிடைச்சுது” என்கிறார். அங்கிருந்து நேரே கடைக்குப் போனார்.

மறுநாள் அந்தப் போன்காரர் கூப்பிட்டார். இவர் ஆத்திரத்தில் கத்தினார். “பூட்டியிருக்குது உங்க கூட்டம்!”

அவர் கோபப்படவில்லை. “நாள் மாறிடுச்சு சார். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, இன்னைக்கு வியாழக்கிழமை. இன்னைக்குத் திறந்திருக்கும்” என்றார்.

அன்றுதான் அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தார்.

நாலாவது டீ கேட்டபோது டீக்கடைக்காரர் கொடுக்கவில்லை. “உள்ள போங்க சார். இங்க உக்காந்து மூணு டீ குடிக்கிறவங்க எல்லாரும் கடைசியில அங்கதான் போறாங்க” என்றார்.

மணி 7¼. சாப்பாட்டுப் பையை இடுக்கிக்கொண்டு அவர் தெருவைக் கடந்தார்.

அறைக்குள் என்ன நடக்கிறது?

பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மேஜை. சுவரில் இரண்டு துணிப் பதாகைகள். ஒன்றில் 12 படிகள். இன்னொன்றில் 12 மரபுகள். முதலில் ஒருவர் இது என்ன கூட்டம் என்று எழுதிவைத்ததைப் படிப்பார். ஒரு நிமிட மவுனம். ஒரு சின்னப் பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள்.

பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர் சொல்வது அவர் கதை மட்டும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. புத்திமதி சொல்லக் கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வார். அடுத்தவர் ஆரம்பிப்பார்.

நடுவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். முடிந்ததைப் போடலாம். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. அறை வாடகைக்கும் டீக்கும் அந்தக் காசுதான்.

மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அறையில் கேட்டது அறையோடு போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தான் பேசியதை மட்டும் சொன்னார்.

அவர் முறை வந்தது. பேசாமலும் இருக்கலாம், அடுத்தவருக்கு விடலாம் என்றார்கள். அவர் எழுந்து பெயரைச் சொன்னார். “எம் பொண்ணு ஸ்கூல்ல... அப்பா துபாய்ல இருக்காருன்னு...” என்றார். அதற்கு மேல் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

யாரும் தட்டிக் கொடுக்கவில்லை. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அடுத்தவர் பேச ஆரம்பித்தார்.

“அதுதான் எனக்குப் புடிச்சுது. வீட்ல அழுவாங்க, சொந்தக்காரங்க திட்டுவாங்க, முதலாளி மிரட்டுவாரு. இங்க யாரும் ஒண்ணும் பண்ணல. கேட்டாங்க” என்கிறார்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாலு பேர் தங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் மட்டும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். “குடிக்கணும்னு தோணிச்சுன்னா, குடிக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணு தம்பி. வாழ்க்கை பூரா நிறுத்தணும்னு யோசிக்காத. இன்னைக்கு ராத்திரி தூங்குற வரைக்கும் யோசி.”

காதுகுத்தும் கால் தவறியதும்

18 நாள் குடிக்கவில்லை. வாரம் மூன்று கூட்டம் போனார்.

19-ம் நாள் தங்கை மகனுக்கு ஊரில் காதுகுத்து. இவர் தாய்மாமன். குழந்தையை மடியில் வைக்க வேண்டியவர். போகாமல் இருக்க முடியாது.

காலையில் புதுச் சட்டை போட்டுக் குழந்தையை மடியில் வைத்தார். கை நடுங்கவில்லை. மனைவி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே அசந்து போனது.

சாயந்திரம் தோப்பில் பந்தி. “தாய்மாமன் தொடாம இருந்தா எப்படி? ஒரே ஒரு ரவுண்டு” என்று யாரோ பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினார்கள். பாக்கெட்டில் நாலு போன் நம்பர் இருந்தது. அவர் எடுக்கவில்லை. டம்ளரைத்தான் எடுத்தார்.

சென்னை திரும்பிய பிறகு ஒன்பது நாள் கூட்டத்துக்குப் போகவில்லை. குடித்ததைவிட, குடித்ததைப் போய்ச் சொல்வதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

பத்தாம் நாள் ஆட்டோக்கார அண்ணன் கூப்பிட்டார். “எத்தனை நாளாச்சு, எவ்வளவு குடிச்சேன்னு நான் கேக்கல. இன்னைக்கு வர்றியா?”

போனார். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. அது இந்த இயக்கம் பிறந்த கதை.

முதல் மருத்துவரும் தவறினார்!

1935 மே மாதம். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து பங்குத் தரகர் பில் வில்சன் வியாபார வேலையாக வந்திருந்தார். பெரிய குடிகாரராக இருந்து, சில மாதம் முன்புதான் நிறுத்தியவர். வந்த காரியம் தோல்வி. ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுபாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன்.

அவர் டெலிபோனை எடுத்தார். ஊரில் உள்ள பாதிரியார்களுக்குப் போன் பண்ணி, “பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும்” என்று கேட்டார்! அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அறுவைச் சிகிச்சை நிபுணர். கை நடுக்கத்தோடு கத்தி பிடித்தவர். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். இன்னொரு குடிகாரரிடம் மனம் விட்டுப் பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதை இருவரும் கண்டுகொண்டார்கள்.

ஆனால் அதோடு டாக்டர் நிறுத்திவிடவில்லை. சில வாரத்தில் ஒரு மருத்துவர் மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். பில் அவரைக் கைவிடவில்லை. டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள்.

“டாக்டருக்கு மாநாடு. உனக்குக் காதுகுத்து. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாராம் அண்ணன்.

இந்தியாவில் இந்தக் கூட்டங்கள் 1957-ல் தொடங்கின. குடியை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்த காலம் அது. சென்னையில் அந்தப் பார்வையை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இளம் வயதில் இழந்தவர். 1980-ல் கணவர் பெயரில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோய்க்குச் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மனைவிக்கும் ஒரு கூட்டம்

குடிப்பவருக்கு ஒரு அறை இருப்பதுபோல், குடிப்பவரின் வீட்டாருக்கும் ஒரு அறை உண்டு. ‘அல்-அனான்’ என்று பெயர். 1951-ல் அமெரிக்காவில் பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று தொடங்கியது. கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி போகலாம்.

இந்த எழுத்தரின் மனைவியும் போகிறார்.

“பாட்டிலைத் தேடிக் கொட்டுவேன். பர்சை ஒளிச்சு வைப்பேன். முதலாளிக்குப் போன் பண்ணி ‘அவருக்குக் காய்ச்சல்’னு பொய் சொல்லுவேன். எம்மேலதான் ஏதோ குத்தம்னு நெனச்சேன். அவரு குடிச்சதுக்கு நான் காரணம் இல்ல, நிறுத்த வைக்கவும் என்னால முடியாதுன்னு அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது” என்கிறார் அவர்.

இப்போது முதலாளிக்குப் பொய் சொல்வதில்லை.

போக நினைப்பவர்களுக்கு

கட்டணம் உண்டா?
கிடையாது. சந்தா இல்லை. சேர்க்கைப் படிவம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும்.

குடித்திருந்தால் போகலாமா?
போகலாம். அமைதியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். கலாட்டா கூடாது.

எந்த மதம்?
எந்த மதமும் இல்லை. சர்ச் அறையில் நடந்தாலும் அது வாடகை இடம்தான். ‘கடவுள்’ என்ற வார்த்தை வரும். அவரவர் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நாத்திகரும் வருகிறார்கள்.

வேலை செய்யும் இடத்துக்குத் தெரியுமா?
யாரும் சொல்ல மாட்டார்கள். ரிஜிஸ்டர் கிடையாது.

பெண்கள் போகலாமா?
தாராளமாக. குடியை நிறுத்த விரும்பும் யாரும் போகலாம்.

கூட வீட்டாரை அழைத்துப் போகலாமா?
‘திறந்த கூட்டம்’ என்றால் யாரும் போகலாம். ‘மூடிய கூட்டம்’ என்றால் குடியை நிறுத்த விரும்புபவர் மட்டும்தான். போனிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நாளும் இடமும் அப்போதே உறுதி செய்துகொள்ளலாம். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டைப் பார்க்க வேண்டாம்!

எங்கே விசாரிப்பது?
மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் இல்லை. மனநல ஆலோசனைக்கு 14416. அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

பலன் உண்டா?

இதைக் கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். 2020-ல் ‘காக்ரன்’ என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தது. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பந்தப்பட்ட ஆய்வுகள். ஏ.ஏ. வழியில் திருப்பி விடப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் சுத்தமாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். வேறு சிகிச்சைகள் பெற்றவர்களில் 100-க்கு 35 பேர்.

அதாவது எல்லோருக்கும் பலிக்கிற மந்திரம் அல்ல இது. பாதிக்கு மேல் மறுபடியும் விழுகிறார்கள். டாக்டரும் மருந்தும் வேண்டாம் என்றும் அர்த்தம் இல்லை. இரண்டும் சேர்ந்து போக வேண்டும். ஆனால் காசு கேட்காமல், வாரம் முழுக்கத் திறந்திருக்கும் வேறு வழி ஏழை எளியவர்களுக்கு அதிகம் இல்லை.

இன்னும் முகர்ந்து பார்க்கிறார்

காதுகுத்துக்குப் பிறகு அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நேற்றோடு 211 நாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் பேங்கில் பணம் கட்ட இவரை அனுப்புவதும் இல்லை. கடைப் பையனைத்தான் அனுப்புகிறார். அந்த 11 ஆயிரத்து 400 ரூபாயை மாதம் ஆயிரமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி இவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மகள் பள்ளியில் தன் பொய்யை மாற்றிச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறித்த சீட்டை, அம்மாவிடம் கொடுக்காமல் அவருடைய சாப்பாட்டுப் பையின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் போனார். “துபாய்ல இருந்து வந்துட்டீங்களா சார்?” என்று ஆசிரியை கேட்டார். “வந்துட்டேன் டீச்சர்” என்றார்.

தினமும் இரவு 9 மணிக்கு மேல் வீடு திரும்புகிறார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கை கால் கழுவப் போகிறார். அந்த நேரத்தில் மனைவி அந்தச் சட்டையை எடுத்து ஒரு முறை முகர்ந்து பார்க்கிறார். 211 நாளாகப் பார்க்கிறார். அது அவருக்கும் தெரியும்.

“கோபம் வரலையா?” என்று கேட்டால் சிரிக்கிறார்.

“பாக்கட்டும் சார். எத்தனை வருஷம் பயந்துக்கிட்டே இருந்தவ. அவளுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் பாக்கட்டும். நான் சட்டையை அங்கதான் மாட்டுவேன்.”